127-க்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள், பிறகு பேசலாம்

சனிக்கிழமை விழாவில் சிறப்பு விருந்தினர் பேசியது இந்நேரம் எல்லோர் கைப்பேசிக்கும் வந்திருக்கும். "நான்கு கோடி இலக்கத்தில் பகா எண்ணாம்! கணினியை ஓடவிட்டால் அதுவே கண்டுபிடித்துவிடுகிறது. இதில் மனித மூளைக்கு என்ன வேலை?" அரங்கமே கைதட்டியது. ஆசிரியர்களும் தட்டினார்கள்.

கணினியை ஓடவிட்டால் மட்டும் கிடைத்துவிடாது ஐயா. அமெரிக்காவின் லூக் டுரான்ட் கண்டுபிடித்து 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட அந்த எண், 2-இன் 136279841-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. அதற்கு 4,10,24,320 இலக்கங்கள். காணக்கூடிய பிரபஞ்சத்தின் அணுக்களின் எண்ணிக்கையே சுமார் 80 இலக்கத்தில் அடங்கிவிடும். பகா எண் என்றால் 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுவது. ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்த்து இதைப் பகா எண் என்று காட்ட எந்த இயந்திரத்தாலும் ஆகாது. வழி கண்டது மனித மூளை. மின்னணுக் கணினியே இல்லாத 1876-இல் பிரான்சின் கணித அறிஞர் லூகாஸ் 39 இலக்க எண் ஒன்றை, 2-இன் 127-ஆம் அடுக்கில் ஒன்று குறைவானதை, பகா எண் என்று நிறுவினார். அவர் முறையை 1930-இல் அமெரிக்கக் கணித அறிஞர் லேமர் செம்மைப்படுத்தினார். புதிய எண்ணையும் அந்தச் சோதனையால் உறுதி செய்த பிறகுதான் அறிவித்தார்கள்.

2-இன் அடுக்கில் ஒன்று குறைவாக வரும் இத்தகைய எண்களுக்கான சோதனை இதுதான். 4-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வையுங்கள். அதையே திரும்பச் செய்யுங்கள். 127 என்பது 2-இன் 7-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. படிகள் அடுக்கைவிட இரண்டு குறைவு, ஆகவே ஐந்து படி. 14, 67, 42, 111. 111-இன் வர்க்கத்தில் 2 போனால் 12319. அது 97 பெருக்கல் 127. மீதி பூஜ்ஜியம் என்றால் பகா எண்.

என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி இதைப் போட்டு முடித்து, "சார், பூஜ்ஜியம் வந்துவிட்டது!" என்று எழுந்தே நின்றுவிட்டாள். மறுநாள் 2047-க்கும், அதாவது 2-இன் 11-ஆம் அடுக்கில் ஒன்று குறைவானதற்கும், போட்டுக்கொண்டு வந்தாள். கடைசி மீதி 1736. ஆகவே பகா எண் இல்லை. அது 23 பெருக்கல் 89. காரணிகளைத் தேடாமலேயே, பகா எண் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது! சனிக்கிழமை அவளும் அந்த அரங்கில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்பீர்கள். வங்கிப் பாதுகாப்புக்குச் சில நூறு இலக்கப் பகா எண்களே போதும். இவ்வளவு பெரியது வேண்டாம். ஒப்புக்கொள்கிறேன். மின்சாரம் வீணாம். ஊரில் சீரியல் விளக்கு எரியாத விழா உண்டா? "பெரியவர், ஏதோ பேச்சுவாக்கில் சொன்னார், விடுங்கள்" என்கிறவர்களுக்குத்தான் என்னால் பொறுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. கவிதையைப் பற்றி அவர் இப்படிப் பேசியிருந்தால் விட்டிருப்பீர்களா? கணக்கு என்றால் மட்டும் யார் வேண்டுமானாலும் மேடையேறிச் சிரிக்கலாம். மதிப்பெண் வாங்கித் தரும்வரைதான் அதற்கு மரியாதை, அதற்குமேல் ஒரு பிள்ளை அதை விரும்பினால், "உனக்கு வேறு வேலை இல்லையா?" இதைக் கேட்டே எத்தனை பிள்ளைகள் நோட்டை மூடியிருக்கிறார்கள்!

விழாக் குழுவினருக்கு: அடுத்த ஆண்டு எனக்கு அரை மணி நேரம் கொடுங்கள். சால்வை வேண்டாம், கரும்பலகை போதும். 8191 என்பது 2-இன் 13-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, அதற்குப் பதினொரு படி. பிள்ளைகளே மேடையில் போட்டுக் காட்டுவார்கள்.