டி டிரைவ் நிறைஞ்சா நான் என்ன பண்ணுவேன்?

காசு கொடுத்து வாங்கியது நான். கரண்ட் பில் கட்டுவது நான். ஆனால் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு துண்டை, விண்டோஸ் கெட்டுப்போனால் திரும்பப் போடுவதற்கான ஃபைல்களுக்காக வெட்டி எடுத்து, அதற்கு "ரெக்கவரி" என்று பேர் வைத்து, டி என்று எழுத்தும் கொடுத்து, கழுத்து வரைக்கும் நிரப்பி அனுப்பியது லேப்டாப் கம்பெனிக்காரன். நிறைந்துவிட்டது என்று திரையின் மூலையில் வந்து கத்துவது மட்டும் என்னிடம். இது எந்த ஊர் நியாயம்?

சி டிரைவைப் பார்த்தால் நீலக் கலரில், பாதிக்கு மேல் காலியாக, சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. பக்கத்திலேயே டி, முழுக்கச் சிவப்பு. பதினைந்து ஜிபி சொச்சத்தில் மிச்சம் இருப்பது நூறு எம்பிகூட இல்லை. விண்டோஸுக்கு ஒரு கணக்கு உண்டு. எழுத்து உள்ள எந்த டிரைவிலும் காலியிடம் 200 எம்பிக்குக் கீழே போனால் "லோ டிஸ்க் ஸ்பேஸ்" என்று மணி அடித்துவிடும். உள்ளே இருப்பது நம் கல்யாண ஃபோட்டோவா, கம்பெனி வைத்த மூட்டையா என்றெல்லாம் அது பார்க்காது. சரி, இடத்தைக் காலி பண்ண இங்கே கிளிக் செய்யுங்கள் என்கிறதே என்று கிளிக் செய்தால், டிஸ்க் கிளீனப் வரும், பச்சைக் கோடு ஓடும், கடைசியில் ஏதோ சில கேபி குப்பையைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். அடுத்த தடவை கணினியைப் போட்டால் மறுபடியும் அதே மணி.

வீட்டுக் கணினி என்பதால் இது என் ஒருத்தனின் தலைவலியும் இல்லை. அப்பா இ.பி. பில் கட்ட உட்காருவார், உடனே சத்தம் போடுவார்.

"டேய், கம்ப்யூட்டர்ல இடமே இல்லையாம்டா. நீ ஏத்தி வச்ச படத்தையெல்லாம் எடுத்துத் தொலை."

"அது நம்ம ஃபைல் இல்லப்பா. கம்பெனி வச்சது."

"அவன் வச்சா அவன்தானே வந்து எடுக்கணும்? நம்மகிட்ட எதுக்குச் சொல்றான்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. கம்பெனியிடமும் இல்லை. நான் ஆபீஸ் போயிருந்த நேரத்தில் அவரே களத்தில் இறங்கி, அக்கா கல்யாண வீடியோவை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து, பொறுப்பாகக் கணினியை அணைத்தும் வைத்திருந்தார். அந்த வீடியோ இருந்தது சி-யில். டி-யின் சிவப்பு இம்மியும் குறையவில்லை. எச்சரிக்கையில் ஒரே ஒரு வரி, "இது உங்கள் ஃபைல்கள் உள்ள இடம் இல்லை, எதையும் அழிக்க வேண்டாம்" என்று போட்டிருந்தால் அந்த வீடியோ இன்றைக்கு இருந்திருக்கும்.

அது எப்படி நிறைகிறது? அது வரும்போதே முக்கால்வாசிக்கு மேல் நிறைந்துதான் வரும். அதற்கு எழுத்து கொடுத்து எக்ஸ்ப்ளோரரில் வைத்திருப்பதால், பேக்கப் எங்கே வைக்கலாம் என்று வரும் பட்டியலில் டி-யும் வந்து நிற்கும். கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் சிஸ்டம் ரீஸ்டோர் அந்த டிரைவுக்கும் ஆன் ஆகியிருந்தால் அது தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். வாசலைத் திறந்து வைத்துவிட்டு, ஏன் உள்ளே வந்தாய் என்று கேட்கிற கதை.

ஒரு காலத்தில் கணினி வாங்கினால் கூடவே சிடி கொடுத்தார்கள். அப்புறம் அந்தச் செலவும் எதற்கு என்று நம் டிஸ்க்கிலேயே ஒரு ஓரத்தில் கொட்டிவிட்டு, "வேண்டுமானால் நீங்களே டிவிடியில் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்கள். ஏற்கெனவே 500 ஜிபி என்று விற்கிற டிஸ்க் விண்டோஸில் 465 என்றுதான் காட்டும். அதிலும் இவனுக்கு ஒரு பங்கு. சரி, ஆபத்துக்கு உதவுமே என்று பார்த்தால், டிஸ்க் போனால் ரெக்கவரியும் சேர்ந்தே போகும், இரண்டும் ஒரே டிஸ்க்கில்தானே இருக்கின்றன! அது மட்டுமா, விண்டோஸ் 7 காலத்துக் கணினியை 10-க்கு மாற்றிக்கொண்டவர்கள் வீட்டில், அந்த டி-க்குள் இன்னமும் விண்டோஸ் 7-தான் தூங்கிக்கொண்டிருக்கும். மீட்டெடுத்தால் பழைய விண்டோஸும், கூடவே காலாவதியான ஆன்டிவைரஸ் ட்ரையலும் கிடைக்கும். இதைக் காப்பாற்றத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். "சார், அந்த டிரைவ்ல எதையும் தொட்டுடாதீங்க சார்." சரி, தொடவில்லை. அந்த எச்சரிக்கையை என்ன செய்வது? "அதை க்ளோஸ் பண்ணிடுங்க சார்." தினமும்? "ஆமா சார். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" தெருமுனைக் கடையில் கேட்டால் அங்கே எல்லா வியாதிக்கும் ஒரே மாத்திரைதான்: "ஃபார்மேட் அடிச்சுப் புதுசா போட்டுடலாம் சார்."

ஏதோ ஒரு லேப்டாப் கம்பெனியின் அலட்சியம் என்று இதை விட்டுவிடவும் முடியாது. விண்டோஸைச் செய்கிறவர்களின் லட்சணமும் ஊரறிந்ததுதான். 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டுக்குப் பிறகு, அதுவரை எழுத்தே இல்லாமல் ஒளிந்திருந்த ரெக்கவரி பார்ட்டிஷனுக்கு, அதாவது டிஸ்க்கில் வெட்டி வைத்த ரெக்கவரித் துண்டுக்கு, பல கணினிகளில் திடீரென்று எழுத்து முளைத்தது. எழுத்து முளைத்த கையோடு "இடம் இல்லை" மணியும் அடிக்க ஆரம்பித்தது. நேற்றுவரை இருப்பதே தெரியாத டிரைவ், இன்றைக்கு நிறைந்துவிட்டதாம்.

அதையாவது மன்னிக்கலாம். 2024 ஜனவரி 9 அன்று விட்ட கேபி5034441 அப்டேட்டை மன்னிக்கவே முடியாது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரை ரெக்கவரி வழியாகத் தாண்டிவிடும் ஓட்டையை அடைக்க வந்தது அது. நல்ல காரியம்தான். ஆனால் அது உள்ளே போக ரெக்கவரி பார்ட்டிஷனில் (கம்பெனிக்காரனின் டி இல்லை, விண்டோஸ் தனக்கென்று ஒளித்து வைத்திருக்கும் சின்னத் துண்டு) 250 எம்பி காலியிடம் வேண்டும். அந்த பார்ட்டிஷனே பல கணினிகளில் 500 எம்பி அளவுதான், அதையும் விண்டோஸின் சொந்த இன்ஸ்டாலர்தான் அப்படி வெட்டி வைத்தது. பிட்லாக்கரைக் கண்ணால்கூடப் பார்க்காத வீட்டுக் கணினிகளுக்கும் இந்த அப்டேட் போனது. போய், தோற்றது. இடம் போதவில்லை என்று சொல்லித் தோற்றிருந்தாலாவது பரவாயில்லை. 80070643 என்று முடிகிற, எதற்கும் பொருந்துகிற ஒரு பொத்தாம்பொதுவான பிழை எண். காட்ட வேண்டிய செய்தி அது இல்லை என்று மைக்ரோசாஃப்ட்டே பின்னால் ஒப்புக்கொண்டது.

தீர்வு என்று கொடுத்தார்களே, அதைப் பார்க்க வேண்டும். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திற. ரீஏஜென்ட்சி என்று அடித்து ரெக்கவரியை நிறுத்து. டிஸ்க்கைத் துண்டு போடும் டிஸ்க்பார்ட்டுக்குள் போ. சி-யைத் தேர்ந்தெடுத்து 250 எம்பி சுருக்கு. ரெக்கவரி பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து "டிலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு" போட்டு அழி. புதிதாக ஒன்றை உருவாக்கு, அதற்கு ஒரு அடையாள எண் கொடு. அந்த எண்ணில் எழுத்தும் இலக்கமுமாக 32, நடுநடுவே கோடு வேறு. ஃபார்மேட் செய். மறுபடி ரீஏஜென்ட்சி. நடுவில் பார்ட்டிஷன் நம்பர் ஒன்று மாறினால் போச்சு, "நிச்சயமாக அழிக்கவா?" என்று டிஸ்க்பார்ட் மரியாதைக்குக்கூடக் கேட்காது. வங்கிக் கணக்குப் பார்க்கவும் பேரன் பேத்தியோடு வீடியோ கால் பேசவும் கணினி வைத்திருக்கிறவர்களுக்கு இதுதான் வழி! தானாகச் சரியாகிற மாற்று ஏதாவது வரும் என்று காத்திருந்தவர்களுக்கு அந்த ஏப்ரல் கடைசியில் பதில் கிடைத்தது: தானியங்கித் தீர்வு வராது, கையால் செய்துகொள்ளுங்கள்.

சும்மா வலது கிளிக்கில் முடித்துவிடலாம் என்று டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, ரெக்கவரி என்று போட்ட கட்டத்தின் மேல் கிளிக் செய்து பாருங்கள். பட்டியலில் இருப்பது ஒரே ஒரு சொல்: ஹெல்ப்.

கம்பெனி கொடுத்த டி-க்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது. அதே டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டி-யை வலது கிளிக் செய்து, "சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்" போய், எழுத்தை ரிமூவ் செய்துவிட்டால் போதும். உள்ளே இருப்பது அழியாது, எக்ஸ்ப்ளோரரில் தெரியாது, மணியும் அடிக்காது. அதற்குள் உங்கள் பேக்கப் ஏதாவது போயிருந்தால் முதலில் அதை வெளியே எடுத்துவிடுங்கள். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. இந்த ஒரு வரியைக் கஸ்டமர் கேரில் சொல்ல ஆள் இல்லை. ஏன், தொழிற்சாலையிலேயே எழுத்து கொடுக்காமல் அனுப்பியிருந்தால் யாருக்கும் எதுவும் சொல்லவே தேவையில்லையே!

புது லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் பில் போடுவதற்கு முன்பு கேளுங்கள்: ரெக்கவரிக்கு எத்தனை ஜிபி எடுத்திருக்கிறீர்கள், அதை பென்டிரைவில் தருவீர்களா? கடைக்காரர் முழிப்பார். முழிக்கட்டும்.