18 கி.மீ.க்கு மேல் ஜிபிஎஸ்ஸை யாரும் அணைப்பதில்லை

"18 கி.மீ. உயரம் தாண்டினால் அமெரிக்கா ஜிபிஎஸ்ஸை அணைத்துவிடும், ராக்கெட்டில் டிராக்கர் வைப்பது வீண்" என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. செயற்கைக்கோள் சிக்னலை அனுப்பிக்கொண்டே இருக்கும்; யார் கேட்கிறார்கள் என்பதே அதற்குத் தெரியாது. தடை இருப்பது, டிராக்கருக்குள் சிக்னலை வாங்கும் ரிசீவர்கள் பலவற்றின் மென்பொருளில்: 18 கி.மீ. உயரம், நொடிக்குச் சுமார் 515 மீட்டர் வேகம். சில ரிசீவர்கள் இரண்டையும் சேர்த்துத் தாண்டினால்தான் நிற்கும். சிலவற்றுக்கு ஒன்றே போதும். டர்பனில் உள்ள குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஃபீனிக்ஸ் ராக்கெட் 2021இல் 17.9 கி.மீ. தொட்டது. இன்னும் 100 மீட்டர் ஏறியிருந்தாலும் வானத்தில் எதுவும் அணைந்திருக்காது.

உண்மையில் சறுக்குவது வேறு இடத்தில். யூபிளாக்ஸ் எம்8 என்ற ஜிபிஎஸ் ரிசீவர் கடையிலிருந்து வரும்போது 'போர்ட்டபிள்' நிலையில் இருக்கும். அந்த நிலையில் உயர எல்லை 12 கி.மீ.தான். 'ஏர்போர்ன் <4g' (மதிப்பு 8; இந்த 'g' செல்போன் 4ஜி அல்ல, புவியீர்ப்பு முடுக்கம்) என மாற்றினால் 50 கி.மீ. கையேட்டின் 'டைனமிக் பிளாட்ஃபார்ம்' அட்டவணையிலேயே இருக்கிறது, பாருங்கள். சேமிக்காவிட்டால் பேட்டரியைக் கழற்றியதும் பழைய நிலைக்கே போய்விடும். அதனால் டிராக்கர் ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் அந்தக் கட்டளையை அனுப்பட்டும். ராக்கெட் மோட்டார் எரியும்போது சிக்னல் நழுவுவது சகஜம். உச்சியில் வேகம் குறைந்ததும் பெரும்பாலும் திரும்பிவிடும். டிராக்கரை ராக்கெட்டின் கார்பன் ஃபைபர் மூக்குக்குள் வைத்தால், அது சிக்னலை மறைப்பதால் தரையிலேயே கிடைக்காது. அதற்கும் அமெரிக்கா காரணமல்ல!

அந்தத் தகவல் வந்தால் மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.