எதிர்நீச்சலைத் தூக்கி நிறுத்தியது குணசேகரன் மட்டுமா?

"மாரிமுத்து போனதோட எதிர்நீச்சலும் போச்சு."

சீரியல் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் சித்தப்பா சொல்வார், சித்தி ஆமாம் போடுவார். எனக்கு அதில் உடன்பாடில்லை. குணசேகரனாக நடித்த மாரிமுத்து உயிரோடு இருக்கும்போதே அந்த சீரியல் தடம் மாறிவிட்டது. அவர் நடிப்பு அதை நமக்குத் தெரியவிடாமல் பார்த்துக்கொண்டது, அவ்வளவுதான். கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். சீரியல் பார்ப்பதே பாவம் என்று நினைப்பவர்கள் இப்போதே ஸ்க்ரோல் செய்துவிடலாம்.

2022 பிப்ரவரி 7-ஆம் தேதி சன் டிவியில் ஆரம்பித்தது. இரவு 9.30 மணி ஸ்லாட். இயக்கம் திருச்செல்வம். கதையின் முடிச்சு எளிமையானது, ஆனால் குத்தலானது. ஆதி குணசேகரன் தனக்கும் தம்பிகளுக்கும் படித்த பெண்கள்தான் வேண்டும் என்று தேடிப் பிடித்துக் கட்டிவைப்பார். தாலி ஏறிய மறுநாளே பட்டம் பீரோவுக்குள், பெண் அடுப்படிக்குள். கடைசித் தம்பி சக்திக்கு வாழ்க்கைப்பட்டு வரும் ஜனனி, கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகலாம் என்று நம்பி வந்தவள். உள்ளே வந்து பார்த்தால் அவளுக்கு முன்னால் மூன்று பேர் இதே மாதிரி நம்பி வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்: ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி.

இந்த இடத்தில்தான் திருச்செல்வம் ஒரு வேலை செய்தார். நம்மூர் சீரியல்களில் ஓரகத்தி என்றாலே பாலில் எதையாவது கலப்பாள், கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்பாள், கேமராவைப் பார்த்து ஒரு பக்கமாக உதட்டைச் சுழிப்பாள். இங்கே நான்கு ஓரகத்திகளும் ஒரே கட்சி. அவர்களுக்குள் சண்டை வராமல் இல்லை. வந்தாலும் அடுத்த வேளை சமையலுக்குள் சரியாகிவிடும். மாமியார் விசாலாட்சியையும் சூனியக்காரி ஆக்கவில்லை. பெற்ற மகன்களைத் தவிர வேறு பலம் எதுவும் இல்லாத ஒரு தாயாக சத்யப்ரியா அதை நடித்திருந்தார். மகனுக்குப் பயந்துகொண்டே மருமகள்களை அதட்டும் அப்படிப்பட்ட மாமியாரைப் பார்க்காத தெரு தென்மாவட்டத்தில் ஏதாவது இருக்கிறதா?

ஆரம்ப மாதங்களின் அடுப்படிக் காட்சிகளை யூடியூபில் தேடிப் பாருங்கள். நால்வரும் நின்றுகொண்டே வேலை செய்கிறார்கள். பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. நந்தினியாக வரும் ஹரிப்பிரியா புருஷனையும் மச்சானையும் வரிசையாகக் கிழித்துத் தோரணம் கட்டுகிறார். ரேணுகாவாக வரும் பிரியதர்ஷினி அதற்கு மேல் ஒரு போடு போடுகிறார். ஈஸ்வரி, அதாவது கனிகா, சிரிப்பை அடக்கிக்கொள்கிறார். ஹாலில் ஒரு செருமல் கேட்டதும் அத்தனை பேர் முதுகும் நிமிர்கிறது. இதில் கதை என்று பார்த்தால் எதுவுமே நகரவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் சித்தி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் அந்த இடத்தில்தான் வாய்விட்டுச் சிரித்தார்கள். சாமான் கழுவும் சத்தத்துக்கு நடுவில் அவர்களே தினமும் பேசிக்கொள்வதை டிவியில் யாரோ முதல்முறையாகப் பேசினார்கள்.

குணசேகரனுக்கு வருகிறேன்.

தேனி மாவட்டத்துப் பசுமலைத்தேரியிலிருந்து வந்தவர் மாரிமுத்து. 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' என்று இரண்டு படம் இயக்கினார். 'பரியேறும் பெருமாள்' படத்தில் ஜோவின் அப்பாவாக வந்து நம் வயிற்றைப் பிசைந்தார். இவ்வளவு செய்தும் அவர் பெயரைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சேர்த்தது "இந்தாம்மா ஏய்" என்ற ஒரு வசனம்தான். வில்லனுக்கான உருட்டல் மிரட்டல் எதுவும் அவரிடம் இருக்காது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தான் பேசுவதுதான் உலக நியாயம் என்ற நம்பிக்கையோடு பேசுவார். ஆணாதிக்கம் வீட்டுக்குள் அப்படித்தான் இருக்கும். அது தன்னைக் கெட்டது என்று நினைத்துக்கொள்வதே இல்லை. திரைக்கு வெளியே அந்த மனிதர் நேர் எதிர். டிவி விவாதத்தில் ஜோதிடர்களோடு பகுத்தறிவு பேசி மல்லுக்கு நின்றவர்.

அவரால்தான் ஆண்கள் சீரியல் பார்க்க வந்து உட்கார்ந்தார்கள். எங்கள் சித்தப்பா அதுவரை ஒன்பது மணிக்கு மேல் செய்திச் சேனலை விட்டு நகராதவர். எனக்கு நெருடலாக இருப்பதும் இதுதான். மீம்களையெல்லாம் எடுத்துப் பாருங்கள். நந்தினியின் பதிலடி எத்தனையில் இருக்கிறது, குணசேகரனின் அதட்டல் எத்தனையில் இருக்கிறது? பெண்டாட்டியை "இந்தாம்மா ஏய்" என்று கூப்பிட்டுப் பார்த்து ரசித்த கணவன்மார்கள் எத்தனை பேர்! அவர்கள் குணசேகரனில் ஊரிலிருக்கும் ஒரு பெரியப்பாவைப் பார்த்துச் சிரித்தார்கள். தன்னைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

சேனல் இதைக் கவனிக்காமல் இருக்குமா? வாரா வாரம் டிஆர்பி வந்துகொண்டிருக்கிறது. 2023-இல் சீரியல் முதலிடம் வரைக்கும் போனது. குணசேகரன் அதிகம் வரும் வாரம் எகிறுகிறது என்றால் குணசேகரனுக்கு இன்னும் வேலை கொடுக்கத்தான் தோன்றும். குணசேகரன் தன் தங்கை ஆதிரைக்குக் கரிகாலனைக் கட்டாயமாகக் கட்டிவைத்த பகுதி உச்சம். அருணை விரும்பிய ஒரு பெண்ணை, சொந்த அண்ணனே தன் கௌரவத்துக்கும் கணக்குக்கும் பலி கொடுப்பதைப் பார்த்து எத்தனை வீடுகள் கொதித்தன! அதுவரை கதை பெண்களின் கையில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு குடும்பச் சொத்தில் அப்பத்தா பட்டம்மாளுக்கு இருந்த 40 சதவீதப் பங்கு கதையை விழுங்கிவிட்டது. பட்டம்மாளாக நடித்த பம்பாய் ஞானம் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்தச் சொத்துக் கணக்கு வந்ததிலிருந்து பத்திரம், கைரேகை, ஜீவானந்தம், போலீஸ், துரத்தல் என்று எல்லாமே வாசலுக்கு வெளியே நடக்க ஆரம்பித்தது. ஜீவானந்தம் வேடத்தில் இயக்குநரே வந்து நின்றார். நான்கு பெண்களும் ஹாலில் வரிசையாக நின்று அதிர்ச்சியடையும் வேலைக்கு மாறினார்கள். ஒரு முகம், அடுத்த முகம், மறுபடி முதல் முகம், இடி முழக்கம், விளம்பரம். அடுப்படியில் அவ்வளவு பேசியவர்களை இப்படி வாயடைக்க வைத்தது குணசேகரன் இல்லை, திரைக்கதை.

ஏன் இப்படி ஆகிறது என்பதும் ரகசியமில்லை. வாரத்துக்கு ஆறு எபிசோடு. ஒவ்வொன்றின் முடிவிலும் நாளைக்கு வர வைக்க ஒரு கொக்கி. பெண் வேலைக்குப் போய், சம்பாதித்து, தனி வீடு பார்த்துப் போய்விட்டால் கதை முடிந்துபோகும். அதனால் திங்கட்கிழமை வாசற்படி தாண்டினால் சனிக்கிழமைக்குள் அவளைத் திரும்ப உள்ளே கூட்டி வந்தாக வேண்டும். சீரியல் கட்டுமானமும் குணசேகரனும் ஒரே விஷயத்தைத்தான் விரும்புகிறார்கள்: வீட்டை விட்டு யாரும் போகக் கூடாது.

இதே திருச்செல்வம் 2003-இல் 'கோலங்கள்' ஆரம்பித்தார். 2009 வரை, 1,533 எபிசோடு. தேவயானியின் அபி கட்டுமானத் தொழில் செய்தாள், சொந்தமாகக் கம்பெனி நடத்தினாள், அந்தக் கதையின் வில்லன் ஆதியோடு தொழிலிலேயே மோதினாள். இருபது வருஷம் கழித்து அதே இயக்குநரின் நாயகிகள் அடுப்படியைத் தாண்டவே போராடுகிறார்கள். இதைப் பின்னடைவு என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நான் அப்படிப் பார்க்கவில்லை. அபி மாதிரி ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் நிறைய. நந்தினி மாதிரி இருந்துகொண்டிருப்பவர்கள் அதைவிட நிறைய. டிகிரி முடித்துவிட்டு மிக்ஸி ஜாரைக் கழுவிக்கொண்டிருக்கும் பெண்ணை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது சின்ன விஷயமில்லை. அவளை நிறுத்திய பிறகு அவளைப் பற்றிப் பேசாமல் போனதுதான் என் வருத்தம்.

2023 செப்டம்பர் 8-ஆம் தேதி காலை இதே சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது உடம்புக்கு முடியாமல் போய் மாரிமுத்து இறந்தார். அன்று தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் சொந்தக்காரர் போன மாதிரி இருந்தது. பிறகு வேல ராமமூர்த்தி வந்தார். எழுத்தாளர், நல்ல நடிகர். ஆனால் அவர் உட்கார்ந்தது இறந்தவரின் நாற்காலியில். யார் உட்கார்ந்திருந்தாலும் திட்டுதான் விழுந்திருக்கும். ரேட்டிங் இறங்கியதற்கெல்லாம் அவர் தலையில் பழி போட்டது அநியாயம். குணசேகரனின் மகள் தர்ஷினி கடத்தப்பட்ட கதையை அத்தனை வாரம் இழுத்தது அவரா? அந்த வாரங்களில் எங்கள் சித்தி டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்தார். அதைவிடத் துல்லியமான டிஆர்பி எனக்குத் தெரியாது.

முதலிலிருந்தே கதை உண்மையாகவே நால்வருடையதாக இருந்திருந்தால், ஒரு நடிகரின் இழப்பை அது தாங்கியிருக்கும். குணசேகரன் இல்லாத சில வாரங்கள் அந்தப் பெண்கள் எப்படி மூச்சு விடுகிறார்கள், முடிவு எடுக்கத் தெரியாமல் எப்படித் தடுமாறுகிறார்கள் என்று காட்டக் கிடைத்த வாய்ப்பு அது. அவரைத் தேடுவதிலேயே ஓட்டிவிட்டார்கள்.

2024 ஜூன் 8-இல் முடித்தார்கள். ஆறரை மாதத்தில், டிசம்பர் 23-இல், 'எதிர்நீச்சல் தொடர்கிறது' வந்துவிட்டது. ஜனனியாக மதுமிதாவுக்குப் பதில் பார்வதி. மற்றபடி அதே குடும்பம், அதே குணசேகரன், அதே அதிர்ச்சி முகங்கள். நானும் பார்க்கிறேன், மறைக்கவில்லை. ப்ரோமோவில் இடி இடித்தால் அன்றைக்கு மொபைலை நோண்டிக்கொண்டே பார்ப்பேன். நந்தினி சமைத்து விற்ற காசை எண்ணி, கேஸ் சிலிண்டருக்கும் மளிகைக்கும் கழித்து, மிச்சம் எவ்வளவு என்று ஓரகத்திகளோடு உட்கார்ந்து கணக்குப் போடும் ஒரு முழு எபிசோடு வரட்டும். அன்றைக்கு விளம்பரத்துக்குக்கூட எழுந்து போக மாட்டேன்.