நூறு மீட்டருக்கு முன்னால் திரும்பியது பற்றி

நாலு நாளாகப் பேசாமல் இருந்தேன். தானாக அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. நம் மலைப் பயணத்தில் எடுத்த அந்தப் படத்தையும், அதன் மேல் போட்ட வரியையும், கீழே வரிசையாக வந்த சிரிப்புக் குறிகளையும் நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "உச்சிக்கு நூறு மீட்டர் முன்னால் பயந்து திரும்பிய படை." திருப்பியது நான்தான். ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனதும் நான், திரும்பலாம் என்று சொன்னதும் நான். அதனால் பதில் சொல்ல வேண்டியதும் நான்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று மழை பெய்யவில்லை. இடி இடிக்கவில்லை. நாங்கள் தங்கியிருந்த மிசுரினா ஊருக்குத் திரும்பி வந்து சாயங்காலம் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு சொட்டுகூட விழவில்லை. நமக்குப் பின்னால் வந்த இன்னொரு குழு உச்சிக்குப் போய் படம் எடுத்துக்கொண்டு பத்திரமாக இறங்கியது. எல்லாம் உண்மை. இவ்வளவுக்குப் பிறகும் சொல்கிறேன், நான் திரும்பியது சரி. நாளைக்கு அதே வானம் இருந்தால் நாளைக்கும் திரும்புவேன்.

போகாதவர்களுக்காக இடத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். இத்தாலியின் வடகிழக்கில் இருக்கும் டோலமைட்ஸ் மலைகள். ட்ரே சீமே என்கிற மூன்று பாறைத் தூண்களின் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள், நடுவில் இருப்பது 2999 மீட்டர். அதற்கு எதிரே பதெர்னோ என்று ஒரு சிகரம், 2744 மீட்டர். அதன் வயிற்றுக்குள் முதல் உலகப் போரில் குடைந்த சுரங்கம் இருக்கிறது. இத்தாலியப் படையும் ஆஸ்திரியப் படையும் இந்த உச்சிகளில் உட்கார்ந்து ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஹெட்லேம்ப் இல்லாமல் உள்ளே ஒன்றும் தெரியாது. படிகள் கோணல்மாணல், மேலே தண்ணீர் சொட்டும், அங்கங்கே துப்பாக்கி நீட்ட வைத்த சன்னல் போல ஓட்டைகள். அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் மூன்று சிகரங்களும் சட்டம் போட்ட படம் மாதிரி நிற்கும். சுரங்கம் முடிந்ததும் ஃபெராட்டா. அதாவது பாறையில் அடித்த இரும்புக் கம்பி. இடுப்புப் பட்டையிலிருந்து வரும் இரண்டு கொக்கிகளை அதில் மாட்டி மாட்டி ஏற வேண்டும். ஏறினால் ஓர் இடுக்கு வரும், சுமார் 2650 மீட்டரில். அங்கிருந்து உச்சிக்கு நூறு மீட்டர்கூட இல்லை. நாங்கள் திரும்பியது அந்த இடுக்கில்.

இரும்புக் கம்பி என்பதைத் திரும்பப் படியுங்கள். மலை உச்சி வரைக்கும் போகிற இரும்புக் கம்பி, அதோடு இரும்புக் கொக்கியால் உங்களைப் பிணைத்திருக்கிறீர்கள். இதை வைத்துக்கொண்டுதான் "மேகத்தைப் பார்த்தே பயந்துட்டாங்க" என்று எழுதுகிறார்கள். ஆமாம், மேகத்தைப் பார்த்துத்தான் பயந்தேன். வேறு எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?

2019 ஆகஸ்டில் ஃபால்சாரேகோ கணவாய்க்கு மேலே ஒரு ஃபெராட்டாவில் இருந்தேன். கூலி கொடுத்து ஒரு வழிகாட்டியோடு போனோம். தலைக்கு மேலே நீல வானம். மேகம் பாறைக்குப் பின்பக்கம் இருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை. திடீரென்று கம்பி முனக ஆரம்பித்தது. டிரான்ஸ்பார்மருக்கு அடியில் நின்றால் ஒரு ரீங்காரம் கேட்குமே, அந்தச் சத்தம், என் கைக்குள்ளிருந்து. முன்கை மயிர் அத்தனையும் நட்டுக்கொண்டு நின்றது. வழிகாட்டி ஒரு வார்த்தைதான் கத்தினார். கம்பியை விட்டுப் பத்தடி தள்ளி ஒரு விளிம்பில் எங்களைப் பையின் மேல் குந்த வைத்து, காலைச் சேர்த்து வைத்துக்கொள்ளச் சொன்னார். அப்புறம் ஆலங்கட்டி. நாற்பது நிமிடம். எதிர்ப் பாறையில் இடி விழுந்தபோது வந்த வாடையை இன்னும் மறக்கவில்லை, தீக்குச்சி உரசின வாடை. கீழே வந்து கையைப் பார்த்தேன், கம்பியின் கருப்பு உள்ளங்கை முழுக்க. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் ரேகைக்குள் இருந்தது.

அதனால் மேகத்தைப் பார்த்தால் எனக்குப் பயம் வரும். அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

இந்த மலைகளில் கோடைக்காலத்தில் மதியத்துக்கு மேல் இடி வருவது அதிசயம் இல்லை. காலையில் வெயில் பாறையைச் சுட வைக்கிறது, சூடான காற்று ஏறுகிறது, பதினொன்றரை பன்னிரண்டுக்கு காலிஃப்ளவர் மாதிரி வெள்ளைப் பொதி ஒன்று எழும்புகிறது. அதன் அடிப்பக்கம் கறுத்தால் நேரம் முடிந்தது என்று அர்த்தம். மிசுரினாவில் நாங்கள் தங்கிய விடுதியின் அம்மா முந்தின நாள் ராத்திரியே சொன்னார், மதியத்துக்கு மேல் கம்பியில் இருக்காதீர்கள் என்று. காலை 6 மணிக்குக் கார் கிளம்பும் என்று நான் எத்தனை முறை சொன்னேன், உங்களுக்குத் தெரியும். கிளம்பியது 8:30. ஏன் தாமதம், யாரால் தாமதம் என்று எழுத மாட்டேன். 101ஆம் எண் பாதையில் நடந்து, சுரங்கத்தில் ஒவ்வொரு ஓட்டையிலும் நின்று படம் எடுத்து, அந்த இடுக்குக்கு வந்தபோது 12:15. செக்ஸ்டன் ஊர்ப் பக்கம் அந்தப் பொதி நின்றது. அடி கறுத்திருந்தது. அவ்வளவுதான் கதை.

இப்போது வந்த பதில்களுக்கு வருகிறேன்.

"மழை வரவே இல்லையே?" வரவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையைக் கடந்து ஒன்றும் ஆகாமல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தவர், தான் செய்தது சரி என்று சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா? முடிவு எடுத்தபோது என்ன தெரிந்ததோ அதை வைத்துத்தான் முடிவைப் பேச வேண்டும். 12:15க்கு எனக்குத் தெரிந்தது கறுத்த மேகமும், கம்பியும், என்னோடு வந்த ஆறு பேரும். அதில் இரண்டு பேருக்கு அதுதான் முதல் ஃபெராட்டா. கொக்கி மாற்ற ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் எடுத்தார்கள். நூறு மீட்டர் ஏற நமக்கு அரை மணி, ஏழு பேரும் இறங்க அதைவிட அதிகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் போட்டேன்.

"சுரங்கத்திலேயே ஒரு மணி நேரம் காத்திருக்கலாமே?" இருக்கலாம். நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடைசிப் பெண் மெல்லிய சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தாள். விடுங்கள்.

"ஏதாவது ஆனால் ஹெலிகாப்டர் வரும்." இதை எழுதியவர் படித்தவர், நல்ல வேலையில் இருக்கிறவர். இடிமேகத்துக்குள் எந்த ஹெலிகாப்டர் வரும்? அந்த எந்திரத்துக்குள்ளும் வீட்டில் பிள்ளை இருக்கிற மனிதர்கள்தானே இருக்கிறார்கள்? 2025 கோடையில் இதே பக்கத்தில், சான் வீட்டோ தி கதோரே ஊருக்கு மேலே, கல் சரிகிறது என்று மூடிய பாதையில் எச்சரிக்கைப் பலகைகளைத் தாண்டிப் போன ஒரு பிரிட்டிஷ் பயணியை ஹெலிகாப்டரில் மீட்டு, 14,000 யூரோவுக்கு மேல் பில் கொடுத்தார்கள். காசைச் சொன்னால்தான் சிலருக்கு உறைக்கிறது என்பதால் சொல்கிறேன். எனக்குக் காசு முக்கியம் இல்லை.

"விதி வந்தால் எங்கே இருந்தாலும் வரும், மர்மொலாடாவில் என்ன ஆச்சு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இந்தக் கேள்விதான் என்னை ரொம்ப நோகடித்தது. 2022 ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை மதியம். டோலமைட்ஸில் உயரமான மலையே மர்மொலாடாதான், 3343 மீட்டர். நல்ல வெயில் நாள். முந்தின நாள் உச்சியில் 10 டிகிரி வெப்பம் என்று செய்தி வந்தது, அந்த உயரத்தில் அது பயங்கரமான சூடு. பனியாற்றின் ஒரு துண்டு அப்படியே உடைந்து சரிந்து 11 பேர் இறந்தார்கள். பார்த்துத் திரும்பிவர அவர்களுக்கு மேலே கறுத்த மேகம் இல்லை. அவர்களுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது, நான் பயன்படுத்திக்கொண்டேன். அந்தப் பதினோரு பேரை எடுத்து என்னைக் கேலி செய்வதற்குச் சான்றாக வைக்காதீர்கள். தயவுசெய்து.

சின்ன வயதில் குற்றாலத்தில் அப்பா எங்களை அருவியிலிருந்து பாதிக் குளியலில் இழுத்துக்கொண்டு வருவார். தண்ணீர் கொஞ்சம் செம்மண் நிறம் காட்டினால் போதும். எண்ணெய் தேய்த்த தலையோடு நாங்கள் அழுவோம். பக்கத்தில் குளிக்கிறவர்கள் சிரிப்பார்கள். பல தடவை வெள்ளம் வரவில்லை, அவர்கள் குளித்துவிட்டு நிதானமாகத்தான் வந்தார்கள். அப்பா ஒரு நாளும் அதற்காக எங்களிடம் மன்னிப்புக் கேட்டதில்லை, வருத்தப்பட்டதும் இல்லை. துண்டை எடுத்துத் தலை துவட்டி விட்டுவிட்டு, டீ வாங்கிக் கொடுப்பார். அவரை யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொல்லவில்லை. பொறுப்பான மனிதர் என்றார்கள். அதையே நான் செய்தால் "பொம்பளை கூட்டிக்கிட்டுப் போனா இப்படித்தான்" என்று எழுத வருகிறது. எழுதியவர் அப்புறம் அழித்துவிட்டார். ஆனால் அதற்குள் 14 பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். அந்த 14 பெயரும் எனக்குத் தெரியும். அதில் மூன்று பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

பதெர்னோவைப் பற்றி இன்னொன்று. செப் இன்னர்கோஃப்லர் என்று செக்ஸ்டன் ஊர் வழிகாட்டி ஒருவர் இருந்தார். அந்தப் பகுதியை அவரளவுக்குத் தெரிந்தவர்கள் குறைவு. போரில் ஆஸ்திரியப் பக்கம். 1915 ஜூலை 4 அன்று, உச்சியிலிருந்த இத்தாலியக் காவலைப் பிடிக்க ஏறிப் போனபோது அங்கேயே இறந்தார். எதிரிப் படை வீரர்களே அவரை உச்சியில் புதைத்தார்கள். 1918இல்தான் உடலைக் கீழே ஊருக்குக் கொண்டுவந்தார்கள். நாம் மாட்டிக்கொண்டு ஏறுகிற அந்த ஃபெராட்டாவின் பெயரிலேயே அவர் பெயர் இருக்கிறது. சுரங்க வாசலில் இதை நான் சொன்னபோது எல்லாரும் ஒரு நிமிடம் அமைதியாக நின்றோம், ஞாபகம் இருக்கிறதா? உயிரைப் பணயம் வைத்து அந்த நூறு மீட்டரை ஏறியே ஆக வேண்டிய நிலைமை அவருக்கு இருந்தது. போர் நடந்துகொண்டிருந்தது. நமக்கு என்ன நடந்துகொண்டிருந்தது? லீவு.

உச்சிக்குப் போனால்தான் போனதாகக் கணக்கா? அந்த ஓட்டை வழியாகப் பார்த்த மூன்று சிகரம் கணக்கில் வராதா? இறங்கி வந்து புல்லில் உட்கார்ந்து ரொட்டியும் எலுமிச்சை ஊறுகாயும் சாப்பிட்டோமே, அது? ராத்திரி எட்டரைக்குப் பாறை முழுக்க ரோஜா நிறமானபோது, அந்த மலை மக்கள் பேசுகிற லதீன் மொழியில் (லத்தீன் இல்லை) இதற்கு என்ரொசதீரா என்று தனியாக ஒரு பேரே உண்டு என்று சொன்னேன். முதல் தடவை வந்த அந்தப் பெண் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு உச்சி வேண்டியிருக்கவில்லை.

தம்பி, இனி உனக்குத்தான். பெயர் போடவில்லை, உனக்குத் தெரியும்.

நான் திரும்பலாம் என்று சொன்னபோது நீ எனக்கு அடுத்து இரண்டாவதாக நின்றாய். "வேண்டாம்கா, ஏறிடலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்று பேசியிருப்பேன். நீ சொல்லவில்லை. "சரிக்கா" என்றாய். சொன்னது மட்டும் இல்லை, எல்லாருக்கும் முன்னால் நீதான் கொக்கியைத் திருப்பி மாட்டினாய். உன் கை நடுங்கியதைப் பார்த்தேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன், நடுங்கியது தப்பும் இல்லை. ப்ரென்னர் கணவாய் தாண்டி மியூனிக் வரைக்கும் நாலு மணி நேரத்துக்கு மேல் காரில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தாய். பாட்டுப் போட்டாய். பிஸ்கட் பிரித்துக் கொடுத்தாய். வீட்டு வாசலில் இறங்கும்போது "சூப்பர் ட்ரிப்கா" என்றாய். மறுநாள் காலையில் அந்த வரியைப் போட்டாய்.

படத்தை எடுக்கச் சொல்லவில்லை. நல்ல படம். எல்லாரும் அழகாக இருக்கிறோம். அந்த வரியை மட்டும் எடுத்துவிடு.

அடுத்தது செப்டம்பர் இரண்டாவது வாரம், அதே பதெர்னோ. மிசுரினாவில் காலை 5:30க்குக் கார் கிளம்பும், யாருக்காகவும் காத்திருக்காது. இடுக்கில் நின்று வானத்தைப் பார்ப்பேன், சரியில்லை என்றால் திரும்புவேன். இதற்குச் சம்மதம் என்கிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். நாலு இடம் இருக்கிறது.

உன் ஹெட்லேம்ப் சுரங்கத்தைவிட்டு வெளியே வந்ததும் என்னிடம் கொடுத்தாய். இன்னும் என் பையில்தான் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்.