தூக்குப் பாலத்தைத் தொட்டுப் பார்க்க வழி வையுங்கள்

ரயில் ஓட்டம் நின்றுபோன பழைய பாம்பன் பாலத்தில், கப்பலுக்குத் திறந்து வழிவிட்ட தூக்குப் பகுதியைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிடாமல், கரையில் நிறுத்தி ஒரு சின்ன அருங்காட்சியகமாக வைக்க வேண்டும் என்று நம் ஊர்ப்பக்கம் பலரும் எழுதுகிறீர்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் படி ஏற முடியாதவர்களும் கண் தெரியாதவர்களும் உள்ளே வர முதலிலேயே வழி வைத்துக் கட்ட வேண்டும். கட்டி முடித்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அது நடக்கவே நடக்காது.

என் அப்பா ரயில்வே கலாசி, அதாவது உடலுழைப்புத் தொழிலாளி. 1914ல் திறந்த அந்தப் பாலத்தில் கப்பல் வந்தால் ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் தூக்கைத் திறக்க வேண்டியிருந்தது. காற்று ஆளையே தள்ளும் நாளிலும் அந்த வேலையைச் செய்தவர். 2007ல் பாலம் அகலப்பாதை ஆன சமயத்தில் ஓய்வு பெற்றார். இப்போது முழங்கால் இரண்டும் போய், சக்கர நாற்காலிதான்.

போன வருஷம் பழைய கருவிகளை வைத்திருக்கும் ஒரு சின்னக் காட்சிக்கூடத்துக்கு அவரைக் கூட்டிப்போனேன். வாசலில் மூன்றே படி. காவலுக்கு நின்ற தம்பி ஓடிவந்து, "தூக்கிட்டுப் போயிருவோம்ணே, நாலு பேரு இருக்கோம்ல" என்றார். நல்ல மனசுதான். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, "வேணாம்ப்பா" என்றவர் என்னிடம், "நீ போய்ப் பாத்துட்டு வா, நான் இங்கின நிழல்ல இருக்கேன்" என்றார். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெரிய ஸ்பேனர். 'இரும்புக் கருவி' என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். அது எந்த நட்டுக்கு, எத்தனை பேர் பிடித்துத் திருக வேண்டும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடிய மனுஷன் வெளியே உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்று படி என்றால் ஒன்றரை அடி உயரம். ஓரடி ஏற 12 அடி சாய்தளம் வேண்டும் என்பது கணக்கு. ஆக 18 அடி. அவ்வளவுதான் செலவு. இடமில்லை என்று ஆறடியில் முடித்தால் நாற்காலி பின்னால் கவிழும். கைப்பிடிக்குச் சாதா இரும்பு பைப் வைத்தால் நம் உப்புக் காற்றில் செதில் செதிலாகப் பெயர்ந்து கையைக் கிழிக்கும். புதுப் பாலத்துக்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டவர்களுக்கு இதை நான் சொல்லவும் வேண்டுமா?

கடலோரத்தில் எது போட்டாலும் நிற்காது என்பவர்களுக்கு: சென்னை மெரினாவில் 2022ல் மணல்மேல் சக்கர நாற்காலி போக மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமானது. சரிசெய்தார்கள். நம் பாலத்தையே 1964 புயல் உடைத்தது, ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் எழுப்பினார்களே.

புராதனப் பொருள், தொடக்கூடாது என்பார்கள். இது ஓலைச்சுவடி இல்லை. நூறு வருஷத்துக்கு மேல் கடலையும் ரயிலையும் தாங்கிய இரும்பு. கண் தெரியாத பிள்ளை இரும்பை இணைக்கும் ரிவெட் ஆணி வரிசையை விரலால் தடவிப் பார்த்தால் தேய்ந்தா போகும்? வெயிலில் கொதிக்காமல் மேலே கூரை போடுங்கள். பக்கத்தில், உட்கார்ந்த கைக்கு எட்டும் உயரத்தில், சுற்றினால் இரண்டு பக்கமும் விரியும் தூக்கின் சின்ன மாதிரி ஒன்று வையுங்கள்.

சட்டமும் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களுக்கெல்லாம் இதைக் கேட்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விடாமல் கட்டாயமாக்கச் சொன்னது. சட்டத்தை விடுங்கள். போலியோ வந்த பிள்ளைகள் காலில் மாட்டிய 3 கிலோ காலிப்பரை, ஏவுகணைக்கான பொருளைக் கொண்டு 300 கிராமாக்கியவர் கலாம். அவர் பிறந்த தீவு இது.

ராமேஸ்வரத்துக்கு வருபவர்களில் நிறையப் பேர் வயசானவர்கள். 22 தீர்த்தமும் ஆடிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறார்கள். அவர்களுக்கும் இந்தச் சாய்தளம் வேண்டும், நாற்காலி நுழையும் கழிவறை வேண்டும்.

வரைபடம் போடும்போதே சக்கர நாற்காலியில் இருப்பவர், பார்வையற்றவர், பாலத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் என்று சிலரை உட்காரவைத்துக் கேளுங்கள். சீட்டில் என்ன எழுத வேண்டும் என்பதையும் அவர்களே சொல்வார்கள். ரயில்வேக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.