ஒரு கிலோ காய்ந்த இலையிலிருந்து ஒரு லிட்டர் பெட்ரோல் கிடைக்காது

காய்ந்த இலைகள் ஒரு கிலோவை மூடிய டிரம்மில் சூடேற்றினால் ஒரு லிட்டர் பெட்ரோல் கிடைக்கும் என்றும், அதை அப்படியே வண்டியில் ஊற்றலாம் என்றும் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் பரவுகிறது. இது தவறு.

உலர்ந்த தாவரப் பொருளின் எடையில் ஏறத்தாழ பாதிதான் கார்பன். ஒரு லிட்டர் பெட்ரோலிலோ 600 கிராமுக்கும் மேல் கார்பன் இருப்பதால், ஓர் அணுகூட வீணாகாமல் மாற்றினாலும் இந்தக் கணக்கு நேராகாது. காற்றில்லாமல் சுமார் 500 டிகிரி செல்சியஸில் விரைவாகச் சூடேற்றினால் ஒரு திரவம் கிடைப்பது உண்மையே. ஆனால், அந்த உயிரி எண்ணெயில் தண்ணீரும் ஆக்சிஜன் சேர்மங்களும் மிகுதியாக உள்ளன. அதன் அமிலத்தன்மை உலோகத்தை அரிக்கும். எடைக்கு எடை ஒப்பிட்டால், எரியாற்றலும் பெட்ரோலில் பாதியை எட்டுவதில்லை. வினையூக்கியின் துணையோடு உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்திய பிறகே அது வண்டிக்கு உதவும். தாவரப் பொருளை வாயுவாக்கி, 1920களில் ஜெர்மனியில் ஃபிஷர், டிராப்ஷ் என்னும் வேதியியலாளர்கள் உருவாக்கிய முறையில் திரவ எரிபொருளாக்கும் வழியும் உண்டு. அதற்கும் ஆலை வேண்டும். பல்லாண்டு உழைப்பில் வளர்ந்த இந்த அறிவியலை இப்படிச் சுருக்குவது வருத்தமளிக்கிறது.

ஐஇஏ பயோஎனர்ஜி என்னும், உயிரி ஆற்றல் ஆய்வுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பின் வெளியீடுகளில் இவற்றைச் சரிபார்க்கலாம். மூடிய டிரம் வெடிக்கக்கூடும், கசியும் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும் என்பதால், அச்செய்தியை யாருக்கும் அனுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.