மூணாவது டவுன்ல பிளிட்ஸ் பண்ணச் சொல்லுங்க மேடம்

(அமெரிக்கத் தென்மாநிலம் ஒன்றில் ஒரு கல்லூரி ஊர். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாடகை அலுவலகம். பிப்ரவரி மாதம்.)

மேனேஜர்: பன்னிரண்டு வருஷத்துல எட்டு விலாசம். தப்பா நினைச்சுக்காதீங்க மேடம், உங்களை யாராவது துரத்துறாங்களா?

கோச் மனைவி: ஆமா சார். நவம்பர் கடைசி வாரம் ஆனா போதும், துரத்துவாங்க.

மேனேஜர்: (குரலைத் தாழ்த்தி) கடன்காரங்களா?

மனைவி: காலேஜ் ரசிகர்கள். என் வீட்டுக்காரர் அமெரிக்கன் ஃபுட்பால் கோச். எதிராளியைத் தடுக்கிற டிஃபென்ஸ் பக்கம்.

மேனேஜர்: ஓ! ஆனா வேலையை விட்ட காரணம்கிற இடத்துல மூணு தடவை ‘தலைமைக் கோச் நீக்கம்’னு எழுதியிருக்கீங்க. நான் கேட்டது உங்க வீட்டுக்காரர் ஏன் போனார்னு.

மனைவி: அதான் பதில். தலை போனா கூடவே உடம்பும் போயிடும். புதுசா வர்ற தலைமைக் கோச் தன் ஆளுங்களோட வருவார். பழைய அசிஸ்டன்ட் கோச் பத்துப் பேரும் ஒரே நாள்ல அட்டைப்பெட்டி தேடுவாங்க.

மேனேஜர்: டிஃபென்ஸ் நல்லா ஆடியிருந்தா வச்சுக்குவாங்களே?

மனைவி: நல்லாத்தான் ஆடுச்சு. பந்தை முன்னால கொண்டு போக நம்ம ஆஃபென்ஸுக்கு நாலு டவுன், அதாவது நாலு வாய்ப்பு. மூணு பிளே ஆடும், நாலாவதுல பந்தை உதைச்சு எதிராளிகிட்ட கொடுத்துட்டு வந்துடும். தண்ணி பாட்டிலைத் திறந்த டிஃபென்ஸ் பசங்க மூடிட்டு ஓடணும். இப்படியே போனா நாலாவது குவார்ட்டர்ல முந்நூறு பவுண்டு பையனுக்குக் கால் எப்படி எழும்பும்? அப்ப விழுற டச்டவுனுக்கு, அதான் எதிராளி பாயின்ட்டுக்கு, மறுநாள் யார் பேர் எழுதுவாங்க?

மேனேஜர்: டிஃபென்ஸ் கோச் பேர்தான். நானே எழுதியிருக்கேன். சரி, போன வருஷ வருமானத்துல ரெண்டு சம்பளச் சீட்டு வச்சிருக்கீங்க. ஒண்ணு பெரிசு, ஒண்ணு ரொம்பச் சின்னது. ஒரே சமயத்துல ரெண்டு காலேஜ்ல வேலையா?

மனைவி: வேலை பார்த்தது சின்னச் சீட்டுக்கு. பெரிசு, வேலைக்கு வர வேண்டாம்னு சொன்ன காலேஜ் கொடுத்தது.

மேனேஜர்: வராததுக்கு ஜாஸ்தி, வந்ததுக்குக் கம்மியா?

மனைவி: கான்ட்ராக்ட் முடியறதுக்குள்ள நீக்கினா மீதிச் சம்பளத்தை அவங்க தரணும். ஆனா நாம சும்மா உட்காரக் கூடாது, வேலை தேடணும். புது இடத்துல கிடைக்கிறதைக் கழிச்சுட்டுத்தான் பாக்கியைத் தருவாங்க. புது இடத்துக்கும் இது தெரியும். ‘எப்படியும் அங்கேருந்து வருது, நாம எதுக்கு அள்ளிக் கொடுக்கணும்’னு ஆட்டத்தை அலசுற அனலிஸ்ட்னு ஒரு நாற்காலி போட்டுடுவாங்க. 2017-ல டென்னசி யுனிவர்சிட்டி நீக்கின தலைமைக் கோச் புட்ச் ஜோன்ஸ், மறுவருஷம் அலபாமா யுனிவர்சிட்டியில அனலிஸ்டா 35,000 டாலருக்கு உட்கார்ந்தார். டென்னசி பக்கத்துலேருந்து லட்சக்கணக்குல வந்துட்டே இருந்துச்சு. அந்த வருஷம் அலபாமா டென்னசியை 58-21னு அடிச்சுது.

மேனேஜர்: அடப்பாவமே, டென்னசி காசுலயே டென்னசிக்கு அடியா! சரி மேடம், இப்ப எந்த காலேஜ்?

மனைவி: இதோ, உங்க ஜன்னல்ல தெரியுதே ஸ்டேடியம்.

மேனேஜர்: (எழுந்து நின்று) நம்ம புது டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் வீடா! முதல்லயே சொல்லக் கூடாதா? மேடம், ஒரே ஒரு விஷயம். மூணாவது டவுன்ல பிளிட்ஸ் பண்ணச் சொல்லுங்க, பந்தை எறியுற குவார்ட்டர்பேக் மேல கூடுதல் ஆளுங்களைப் பாய விடணும்.

மனைவி: வந்து நாலு நாள் ஆகுது. நீங்க ஆறாவது ஆள். ஹோட்டல்ல ரூம் சாவி கொடுத்தவரும் இதைத்தான் சொன்னார். குழந்தைக்குக் காய்ச்சல்னு போனா, டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வச்சுட்டே சொல்றார்.

மேனேஜர்: அவருக்கும் தெரிஞ்சிருக்கு பாருங்க! மூணே பேரை முன்னால அனுப்பிட்டு எட்டுப் பேரைப் பின்னால நிறுத்தினா குவார்ட்டர்பேக் காப்பி குடிச்சுட்டு எறிவான்.

மனைவி: சரி, ஆறு பேரை அனுப்புறோம். பதினொண்ணுல ஆறு போனா மீதி?

மேனேஜர்: அஞ்சு.

மனைவி: பந்து பிடிக்கப் போறவங்க அஞ்சு பேர் வரைக்கும் ஓடலாம். ஆளுக்கு ஆள் சரியாப் போச்சு, பின்னால காவலுக்கு ஒருத்தன்கூட இல்ல. அவங்களைக் காக்கிற ஒரு கார்னர்பேக் கால் வழுக்கினா எண்பது யார்டு. அதுவும் பந்து இரண்டரை நொடியில கையை விட்டுப் போயிட்டா, நீங்க அனுப்பின ஆறாவது ஆள் குவார்ட்டர்பேக்கைக் கட்டிப் பிடிச்சு வாழ்த்துத்தான் சொல்லலாம்.

மேனேஜர்: அப்ப ஏழு பேரை அனுப்பச் சொல்லுங்க.

மனைவி: கையெழுத்து எங்கே போடணும்?

மேனேஜர்: இருங்க மேடம், முதல் விலாசம் இடிக்குது. ஒரே பேஸ்மென்ட்ல நாலு ஆம்பளைங்க, வாடகை பங்கு.

மனைவி: அது கிராஜுவேட் அசிஸ்டன்ட் காலம், படிச்சுட்டே கோச்சுக்கு உதவுறது, கல்யாணத்துக்கு முன்னால. படிப்புச் செலவு காலேஜோடது, கையில கொஞ்சம் காசு. எதிர் டீமோட பழைய நாலு ஆட்டத்தை ஒவ்வொரு பிளேயா நிறுத்திப் பார்த்துக் குறிக்கணும். எத்தனாவது டவுன், எத்தனை யார்டு பாக்கி, பந்து மைதானத்துல இடது ஹாஷ் கோட்டுலயா வலதுலயா, பந்து பிடிக்கிற ரிசீவர் எத்தனை, யார் நகர்ந்தான், என்ன முடிவு. ஒரு ஆட்டத்துக்கு எழுபது பிளேன்னு வைங்க. அப்புறம் எதிராளியோட பிளேயை அட்டையில வரையணும். பிராக்டிஸ்ல எதிராளி மாதிரி ஆடிக் காட்டுற ஸ்கவுட் டீம் அதைப் பார்த்துத்தான் ஓடும். ராத்திரி ரெண்டு மணி தூக்கத்துல இடது ஹாஷை வலதுன்னு குறிச்சாச்சுன்னா, கம்ப்யூட்டர் ‘இவங்க எப்பவும் வலப்பக்கம்தான் ஓடுவாங்க’ன்னு சொல்லும். புதன்கிழமை பிராக்டிஸ் அதுக்கு நடக்கும். சனிக்கிழமை லட்சம் பேர் முன்னால பின்காவல் நிக்கிற நம்ம சேஃப்டி யாருமே வராத பக்கம் நிப்பான்.

மேனேஜர்: நான் அவனைத்தான் திட்டுவேன்.

மனைவி: தெரியும்.

மேனேஜர்: அதான் இப்ப ஹெல்மெட்லயே ரேடியோ வந்துடுச்சே. 2024-லேருந்து டிஃபென்ஸ்லயும் ஒருத்தன் காதுல பேசலாம். ‘வலப்பக்கம் போடா’ன்னு சொன்னா முடிஞ்சுது.

மனைவி: அடுத்த பிளேக்கான 40 நொடிக் கடிகாரத்துல 15 நொடி இருக்கும்போது ரேடியோ கட். அதுக்கு முன்னாலயே பந்து கிளம்பிட்டா அப்பவே கட். நாற்பதுல நமக்குக் கிடைக்கிறது இருபத்தஞ்சு. அதுக்குள்ள அவங்க யாரை மாத்தினாங்கன்னு பார்க்கணும், நம்ம ஆளை மாத்தணும், முன்வரிசை எப்படி நிக்கணும், பின்வரிசை யாரைக் காக்கணும்னு சொல்லணும். கேட்ட பையன் மீதிப் பத்துப் பேருக்குக் கத்தணும். எதிராளி ஆளே மாத்தாம வேகமா ஆடினா அந்த இருபத்தஞ்சும் இல்ல. களைச்சுப்போன பையனை வெளியே இழுக்கக்கூட வழியில்ல.

மேனேஜர்: அந்த மாதிரி நேரத்துல ஒரே வார்த்தை. பிளிட்ஸ்.

மனைவி: உங்களுக்குக் காதுல ரேடியோ கட் ஆகி ரொம்ப நேரமாச்சு சார்.

மேனேஜர்: (சிரித்து) கோபப்படாதீங்க. ஆனா நிலையா ஒரு இடத்துல இருக்கலாமில்ல? டிஃபென்ஸ் கோச் பட் ஃபாஸ்டர் இல்லையா, வர்ஜீனியா டெக்குக்கு 1987-ல வந்தவர், 2019 வரைக்கும் அங்கேயே.

மனைவி: எல்லாரும் அவர் ஒருத்தர் பேரைத்தான் சொல்லுவீங்க, ரெண்டாவது பேர் சொல்லுங்க பார்ப்போம். பெரிய கோச்னு பேர் வாங்கின நிக் சேபனே 1973-ல கென்ட் ஸ்டேட்ல கிராஜுவேட் அசிஸ்டன்ட். அப்புறம் சிரக்யூஸ், வெஸ்ட் வர்ஜீனியா, ஒஹாயோ ஸ்டேட், நேவி, மிச்சிகன் ஸ்டேட், ஹூஸ்டன் ஆயிலர்ஸ், 1990-ல டோலிடோ. எண்ணிக்கோங்க, எட்டு. அவர் விண்ணப்பம் கொடுத்திருந்தா யார் துரத்துறாங்கன்னு கேட்டிருப்பீங்களா?

மேனேஜர்: சேபன்னா வாடகையே வாங்கியிருக்க மாட்டேன்.

மனைவி: ஜெயிச்சாலும் பெட்டி கட்டணும் சார். டிஃபென்ஸ் கோச் ஜிம் நோல்ஸ் 2025 ஜனவரியில ஒஹாயோ ஸ்டேட்டோட தேசியப் பட்டம் ஜெயிச்சார், அந்தச் சூடு ஆறறதுக்குள்ள பென் ஸ்டேட் கூட்டிட்டுப் போச்சு, வருஷத்துக்கு 31 லட்சம் டாலர்னு செய்தி. எல்லாருக்கும் அந்தத் தொகைதான் கண்ணுல படும். ஜனவரியில ஹோட்டல் லாபியில பயோடேட்டாவோட நிக்கிறவங்க கண்ணுல பட மாட்டாங்க. கோச்சுகள் மாநாடு நடக்கிற ஊருக்குப் போய்ப் பாருங்க, கருத்தரங்கைவிட லாபியில கூட்டம்.

மேனேஜர்: அது சரி. எங்க பழைய டிஃபென்ஸ் கோச்சை விரட்ட நாங்க என்ன பாடுபட்டோம் தெரியுமா? பேனர் கட்டினோம், ரேடியோவுக்குப் போன் பண்ணினோம்...

மனைவி: எனக்குக் காட்டினீங்களே, மாடியில மூணு பெட்ரூம். அதுல முன்னால யார் இருந்தாங்க?

மேனேஜர்: ...கார்பெட் எல்லாம் புதுசா மாத்தியாச்சு மேடம்.

மனைவி: சுவத்துல பென்சில் கோடு அப்படியே இருக்கு. ரெண்டு குழந்தைங்க உயரம். செப்டம்பர், அக்டோபர், நவம்பர். டிசம்பர் இல்ல.

மேனேஜர்: பெயின்ட் அடிச்சுடச் சொல்றேன். (தொண்டையைச் செருமி) பன்னிரண்டு மாச லீஸ். நடுவுல காலி பண்ணினா ரெண்டு மாச வாடகை அபராதம். அதை யோசிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.

மனைவி: நீங்க விரட்டினா யார் கட்டறது?

மேனேஜர்: நீங்கதான்.

மனைவி: அவர் ஜெயிச்சு வேற காலேஜ் கூப்பிட்டா?

மேனேஜர்: அப்பவும் நீங்கதான்.

மனைவி: அப்ப கட்டறது அந்தப் புது காலேஜ் சார். பேனாவைக் கொடுங்க.

மேனேஜர்: ஜெயிக்கணும்னா மேடம், மூணாவது டவுன்ல—

மனைவி: டெபாசிட் எவ்வளவு?